பழைய ஜிப்ஸிக்கு 1.3 இன்ஜின்: கூலண்ட் ஹோஸ்களைக் குறைத்த வேலை

970 சிசி இன்ஜினோடு வந்த பழைய மாருதி ஜிப்ஸி இது. இப்போது ஜிப்ஸி கிங்கின் 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. ஆர்.சி.யில் மாற்றம் பதிவாகி, வண்டி ஓடவும் தொடங்கிவிட்டது. ஆனால் பானெட்டைத் திறந்தால் மனசு ஒப்பவில்லை. புது இன்ஜினோடு வந்த ரப்பர் ஹோஸ், பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ், இரண்டையும் சேர்க்க நடுவில் பைப் துண்டுகள். எங்கே பார்த்தாலும் கிளிப். ஒவ்வொரு கிளிப்பும் என்றைக்காவது ஒழுகக்கூடிய இடம்.

ஹோஸைக் கழற்றும் முன் ஒரு தாளில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் (கூலண்ட்) போகும் வழியை வரைந்துகொண்டேன். அதில் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியிருக்கும்போது தண்ணீர் எந்த வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது? என் இன்ஜினில் அந்த வேலையில் பெரும்பங்கை, வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டருக்குப் போய் வரும் லைன்தான் பார்க்கிறது. சென்னையில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று இரண்டு முனையிலும் டம்மி போட்டு அடைத்தால், இன்ஜின் சூடாகும் நேரத்தில் அதன் மேல்பாகமான ஹெட்டுக்குள் தண்ணீர் சரியாகச் சுற்றாது. தெர்மோஸ்டாட்டைத் திறக்கவைக்கும் அதனுள் இருக்கும் மெழுகுக்கும் சூடு நேரத்துக்குப் போய்ச் சேராது. அது திறப்பதற்குள் ஹெட்டில் ஓரிடம் மட்டும் கொதித்துவிடும்.

ஆகவே ஹீட்டர் கோரையும் (ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) அதற்குப் போன நீண்ட ஹோஸ்களையும் எடுத்துவிட்டு, வெளியே வரும் வாயையும் உள்ளே போகும் வாயையும் 16 மி.மீ. வளைந்த ஹோஸ் ஒன்றால் நேராக இணைத்தேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஹீட்டர் கோர் இருந்தபோது அதன் குறுகிய குழாய்களே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தின. வெறும் ஹோஸ் அப்படிச் செய்யாது. ரேடியேட்டருக்குப் போக வேண்டிய தண்ணீரில் நிறையப் பங்கு ஆறாமலே பம்புக்குத் திரும்பிவிடும், அதுவும் மே மாத வெயிலில். புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் 8 மி.மீ. துளை போட்ட பித்தளை புஷ் கடைந்து வாங்கி, ஹோஸுக்குள் செருகி, வெளியே கிளிப் போட்டு நிறுத்தினேன். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் இந்தச் சின்ன புஷ்தான்.

“நம்ம ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார், தூக்கிடலாம்” என்றார் மெக்கானிக். நல்ல கைக்காரர், ஆனால் இதில் நான் உடன்படவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ஹைவேயில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது. சென்சார் ‘இன்னும் குளிராக இருக்கிறது’ என்றே சொல்லும், கம்ப்யூட்டரும் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். சிலிண்டர் சுவர் தேயும், ஆயிலும் கெடும். 82 டிகிரியில் திறக்கும் புது தெர்மோஸ்டாட்டே போட்டேன்.

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரோட்டில் பாடிக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்களைத் தொடவில்லை. பனியே விழாத ஊரில் அதற்குச் சூடு வேண்டாம் என்பது சரிதான். ஆனால் சில த்ரோட்டில் பாடிகளில் ஐடிலைக் குறைக்கும் மெழுகு வால்வு அந்தச் சூட்டில்தான் மூடுகிறது. அதை வெட்டினால் ஐடில் இறங்கவே இறங்காது. பிரித்துப் பார்த்த பிறகுதான் முடிவு.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் ஒரே துண்டாக, ஈபிடிஎம் ரப்பரில். சிலிகோன் ஹோஸ் பளபளப்பாக இருக்கும். ஆனால் சாதாரண ஸ்க்ரூ கிளிப் அதை வெட்டிவிடும், விலையும் அதிகம். கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினேன். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, ஸ்பிரிங் இல்லாவிட்டால் வேகத்தில் சப்பிப்போகும்.

கூலண்ட், டிஸ்டில்ட் வாட்டர் பாதிப் பாதி. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், உறைந்துபோகும் பயம் நமக்கில்லை. ஆனால் துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் இங்கேதான் அதிகம் வேண்டும். 2003 மே மாதம் 45 டிகிரி பார்த்த ஊர் இது. போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை (ஏர் லாக்) எடுக்க முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டேன். மேல் ஹோஸ் திடீரென்று சுடும் நேரத்தில்தான் தெர்மோஸ்டாட் திறக்கிறது. அப்போது மட்டம் இறங்கும், ஊற்றி நிரப்ப வேண்டும். குமிழி நிற்கும்வரை அவசரப்படக் கூடாது. அப்புறம் மூடி போட்டு, ஆறவிட்டு, கூலண்ட் பாட்டிலில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஜிஎஸ்டி சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சூடு காட்டும் மீட்டர் 85 டிகிரியை ஒட்டியே நின்றது. ஆற்காடு சாலையில், ஏசி போட்டு, மெட்ரோ வேலைக்கு நடுவே ஊர்ந்தபோது 94 வரை போய், வண்டி நகர்ந்ததும் இறங்கியது. ஒழுகல் இல்லை. புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும் என்பதால், இன்ஜின் ஆறியிருக்கும்போது எல்லா கிளிப்பையும் இன்னொரு முறை முறுக்க வேண்டும். அடுத்து, த்ரோட்டில் பாடியைப் பிரிக்கிறேன்.