டான்டே தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: சொல்லை அது வேலை செய்யும் இடத்தில் வைத்துப் படியுங்கள்

நெட்வொர்க் கேபிள் வழியாக ஆடியோ வாங்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சிக்னலை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பி, இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் எழுத வேண்டிய முதல் தேர்வு எது என்று கேட்டால், டான்டே சான்றிதழ் என்றுதான் சொல்வேன். டான்டே, சிட்னியில் இருக்கும் ஆடினேட் நிறுவனத்தின் தொழில்நுட்பம். சாதாரண ஈதர்நெட் கேபிளிலும் ஸ்விட்சிலும் சுருக்கப்படாத டிஜிட்டல் ஆடியோவை அனுப்புகிறது. இன்றைக்குப் பெரிய ஆம்ப் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றிடம் டான்டே போர்ட் உள்ள மாடல் ஒன்றாவது இருக்கும். சான்றிதழில் மூன்று நிலைகள். பாடமும் தேர்வும் இணையத்திலேயே இருக்கின்றன, கட்டணம் கிடையாது.

தேர்வுக்கு உட்காருகிற பலர் முதலில் ஒரு கலைச்சொல் பட்டியலை இறக்கிக்கொண்டு அகரவரிசையில் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அதில் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து. ஒரு சொல்லின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு விடுகிற தேர்வு இல்லை இது. ஒரு அமைப்பைச் சொல்லி, இந்த இடத்தில் சத்தம் வரவில்லை, எதைப் பார்ப்பீர்கள் என்கிற பாணியில் யோசிக்க வைக்கிறது. வேலையும் அப்படித்தானே?

நான் படித்த முறை இதுதான். நோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து ஒரே ஒரு கோடு. இடது ஓரத்தில் மைக், அப்புறம் ப்ரீஆம்ப், டிஜிட்டலாக மாறும் இடம், மிக்சர், நெட்வொர்க் ஸ்விட்ச், ஆம்புக்குள் இருக்கும் டிஎஸ்பி, மறுபடி அனலாக்காக மாறும் இடம், பவர் ஸ்டேஜ், கடைசியில் ஸ்பீக்கர். புதிய சொல் எது வந்தாலும் இந்தக் கோட்டில் அதன் இடத்துக்குக் கீழே எழுத வேண்டும். கூடவே இரண்டு விஷயம்: அதை எந்த அலகில் அளக்கிறோம், அது தப்பாக இருந்தால் காதில் என்ன கேட்கும். எங்கே எழுதுவதென்று தெரியாமல் பேனா நின்றால், அந்தச் சொல் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கோட்டில் அதிகம் தடுமாற வைப்பது லெவல். அனலாக் பக்கம் டிபியு, டிபிவி என்று இரண்டு. 0 டிபியு என்றால் 0.775 வோல்ட், 0 டிபிவி என்றால் 1 வோல்ட். இரண்டுக்கும் இடையே சுமார் 2.2 டிபி. டிஜிட்டல் பக்கம் வந்ததும் டிபிஎஃப்எஸ். அங்கே 0 தான் உச்சி, அதற்கு மேல் இடமே இல்லை. கேபிளில் டான்டேயாகப் போவது வெறும் எண்கள், வோல்டேஜ் கிடையாது. அந்த எண் வெளியே எத்தனை வோல்ட்டாக வரும் என்பதை முடிவு செய்வது கடைசியில் இருக்கும் பெட்டி. ஒரு பெட்டியில் 0 டிபிஎஃப்எஸ் என்பது +24 டிபியு, இன்னொன்றில் +18. அதனால்தான் அனலாக்கில் வேலை செய்த ஆம்பை டான்டேக்கு மாற்றியதும் சத்தம் திடீரென்று கூடியோ குறைந்தோ கேட்கிறது. எதுவும் கெட்டுப் போகவில்லை, இரண்டு அளவுகோலைப் பொருத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதே இடத்தில்தான் கெயின் (ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்காக்கும்), சென்சிட்டிவிட்டி (ஆம்ப் முழு பவர் தர உள்ளே எத்தனை வோல்ட் வேண்டும்), லிமிட்டர் (சிக்னல் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் மூன்று விளக்கம் கிடைக்கும். சேர்த்துப் படித்தால் ஒரு கணக்கு கிடைக்கும். 8 ஓம், 500 வாட் தாங்கும் ஸ்பீக்கர் ஒன்று. 500-ஐ 8-ஆல் பெருக்கினால் 4000. அதன் வர்க்கமூலம் சுமார் 63 வோல்ட். இதுதான் அந்த ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ். ஆம்பின் கெயின் 32 டிபி, அதாவது சுமார் 40 மடங்கு. அப்படியானால் ஆம்புக்குள் நுழையும் சிக்னல் 1.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. டிபியுவில் சொன்னால் சுமார் +6. ஆம்புக்கு முன்னால் தனி டிஎஸ்பி இருந்தால் அதில் ஆர்எம்எஸ் (சராசரி அளவைப் பார்க்கும்) லிமிட்டரின் த்ரெஷோல்ட், அதாவது அது தடுக்கத் தொடங்கும் அளவு, அங்கே நிற்க வேண்டும்.

இப்போது அதே ஆம்பின் கெயின் 26 டிபி, அதாவது 20 மடங்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். த்ரெஷோல்ட் +12-க்கு ஏறிவிடும். லிமிட்டரை +12-இல் வைத்துவிட்டு, யாரோ ஆம்பின் பின்பக்க சுவிட்சை 32-க்குத் தள்ளிவிட்டால்? ஸ்பீக்கருக்கு 126 வோல்ட் வரைக்கும் போகலாம். ஆம்புக்குத் திராணி இருந்தால் அது 2000 வாட். லிமிட்டர் விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டே இருக்கும், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகிக்கொண்டும் இருக்கும். இந்த ஒரு கணக்கை நாலைந்து விதமான எண்களோடு கையால் போட்டுப் பாருங்கள். கெயின், சென்சிட்டிவிட்டி, த்ரெஷோல்ட் என்று வரும் எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டியிருக்காது. டான்டே தேர்வில் இந்தப் பகுதி அதிகம் வராது. ஆம்ப் கம்பெனிகளின் பயிற்சியிலும், வேலைக்கான நேர்காணலிலும் வரும். பீக் லிமிட்டரையும் ஆர்எம்எஸ் லிமிட்டரையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முன்னது கோன் எகிறி அடிபடாமல் காக்கிறது, பின்னது காயில் சூடாகாமல் காக்கிறது.

அடுத்து நேரம். படிக்க வரும் தம்பிகள் கட்டாயம் கேட்பது, "அண்ணா, டிலேயும் லேட்டன்சியும் ஒன்னுதானே?" இரண்டும் மில்லிசெகண்டில் வருவதால் அப்படித் தோன்றும். டிலே நாம் வேண்டுமென்றே போடுவது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு டிலே டவர் (பின்னால் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கர் கோபுரம்) நிற்கிறது என்றால், 20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும், அதனால் சுமார் 87 மில்லிசெகண்ட். சென்னையில் மே மாத மாலையில் 35 டிகிரி இருந்தால் ஒலி 352 மீட்டர் போகும், அப்போது 85. பாடப்புத்தக எண்ணை அப்படியே போடுகிறவர் இந்த வெயிலை மறந்துவிடுகிறார்.

லேட்டன்சி நாம் கேட்காமலே வருவது. டிஎஸ்பியில் எஃப்ஐஆர் ஃபில்டர் (பல சாம்பிள்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஃபில்டர்; எத்தனை சாம்பிளோ அத்தனை டேப்) போட்டால் வரும்: 48 கிலோஹெர்ட்சில் 1024 டேப் உள்ள லீனியர் ஃபேஸ் ஃபில்டர் என்றால் அதில் பாதி, அதாவது 512 சாம்பிள், 10 மில்லிசெகண்டுக்கு மேல். மெயின் ஸ்பீக்கருக்குப் பரவாயில்லை. பாடகரின் மானிட்டரில் போட்டால் அவர் முகம் மாறுவது தெரியும். டான்டே லேட்டன்சியின் கதை வேறு. அது பாக்கெட் (ஆடியோவைச் சுமந்து வரும் சின்னப் பொட்டலம்) வந்துசேர எடுக்கும் நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ரிசீவர், அதாவது ஆடியோவை வாங்கும் சாதனம், காத்திருக்க ஒப்புக்கொண்ட நேரம். வழக்கமாக 1 மில்லிசெகண்ட் என்று வைத்திருப்பார்கள். பாக்கெட் அதற்குள் வந்தால் எல்லா ஆம்பும் ஒரே நொடிக்கூறில் வாசிக்கும்; தாண்டி வந்தால் அந்தப் பாக்கெட் வீண், காதில் 'டிக்' என்று கேட்கும். ஆகவே நடுவில் ஸ்விட்ச் அதிகமானால் லேட்டன்சியைக் கூட்டுகிறோம். இணைப்புகளைப் போடும் மென்பொருளான டான்டே கன்ட்ரோலரில் ஒவ்வொரு ரிசீவருக்கும் பாக்கெட்டுகள் எவ்வளவு நேரத்தில் வந்தன என்று ஒரு வரைபடம் தெரியும். அதைப் பார்க்கப் பழகியவருக்கு இந்தப் பகுதி மறக்காது.

எல்லா ஆம்பும் ஒரே நேரத்தில் வாசிக்க எல்லாருக்கும் ஒரே கிளாக் வேண்டும். அதற்கு பிடிபி, நெட்வொர்க் வழியாகவே சாதனங்களின் கடிகாரங்களை ஒன்றாக்கும் முறை. சாதனங்கள் தங்களுக்குள் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து மற்றவை அதைப் பின்பற்றும். டான்டே தனக்குள் பயன்படுத்துவது பிடிபியின் முதல் பதிப்பு. வேறு வேறு ஆடியோ நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று பேச 2013-இல் வந்த ஏஇஎஸ்67 தரநிலை கேட்பது இரண்டாம் பதிப்பு. இந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை சாம்பிள்) வேறு வேறாக இருக்கும் இரண்டு சாதனங்களை டான்டே இணைக்காது என்பதையும் இதன் பக்கத்திலேயே எழுதலாம்.

இரண்டாம் நிலையில் யூனிகாஸ்ட் (ஒரு சாதனத்துக்கு மட்டும் அனுப்புவது), மல்டிகாஸ்ட் (ஒருமுறை அனுப்பிப் பல சாதனங்கள் வாங்குவது) வரும்போது மறுபடியும் கணக்குதான் கை கொடுக்கும். விநாடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 24 பிட். பெருக்கினால் ஒரு சேனலுக்கு 1.15 மெகாபிட், பாக்கெட்டின் மேலுறைச் செலவும் சேர்ந்து சுமார் 1.5. யூனிகாஸ்ட் ஃப்ளோ (சில சேனல்களைச் சேர்த்து அனுப்பும் ஓட்டம்) ஒன்றில் 4 சேனல் வரை, மல்டிகாஸ்ட் ஃப்ளோவில் 8 வரை. ஒரு பெரிய மண்டபத்தில் 16 ஆம்புக்கும் அதே இடது, வலது சிக்னல் போக வேண்டும் என்றால் யூனிகாஸ்ட்டில் மிக்சர் 16 ஃப்ளோ அனுப்ப வேண்டும். மல்டிகாஸ்ட்டில் ஒன்றே போதும். அப்படியானால் எல்லாவற்றையும் மல்டிகாஸ்ட் ஆக்கிவிடலாமே? ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை அனுப்பும் வசதி) இல்லையென்றால் அது எல்லா போர்ட்டுக்கும் பாயும். 64 சேனலை அப்படித் திறந்துவிட்டால் 100 மெகாபிட்டை நெருங்கும். 100 மெகாபிட் போர்ட் மட்டுமே உள்ள சின்ன சாதனம் எதுவும் கேட்காமலேயே மூச்சு முட்டி நிற்கும்.

ரிடண்டன்சிக்கு, அதாவது ஒரு நெட்வொர்க் விழுந்தாலும் ஆடியோ நிற்காமல் இருக்க இரண்டாவது ஒன்றை வைப்பதற்கு, அதிக நேரம் வேண்டாம். ப்ரைமரி, செகண்டரி இரண்டும் தனித்தனி நெட்வொர்க், எங்கேயும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சாதனம் ஸ்விட்ச்டு நிலையில் (அதன் இரண்டு போர்ட்டும் ஒரு சின்ன ஸ்விட்ச்போல வேலை செய்யும் நிலை) இருக்கும்போது இரண்டு கேபிளையும் ஒரே நெட்வொர்க்கில் செருகினால் லூப், பாக்கெட்டுகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அவ்வளவுதான்.

பெயர் வைப்பது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் தேர்வுக்கும் களத்துக்கும் முக்கியம். டான்டே இணைப்பு ஐபி முகவரியை நம்பி இருப்பதில்லை. சாதனத்தின் பெயரையும் சேனலின் பெயரையும் ரிசீவர் நினைவில் வைத்திருக்கிறது. அதே மாடலில் மாற்று ஆம்ப் கொண்டுவந்து வைத்தால், பழைய பெயரைக் கொடுத்த பிறகும் அதன் உள்ளீடுகளை மறுபடி இணைக்க வேண்டும். மிக்சரை மாற்றினால் பழைய பெயர்களைக் கொடுத்ததுமே ஆம்புகள் தாமாகப் பிடித்துக்கொள்ளும். ஏன் இந்த வித்தியாசம் என்று சொல்ல முடிந்தால் ரிசீவர் நினைவில் வைக்கும் இந்த இணைப்புக்குப் பெயரான சப்ஸ்கிரிப்ஷன் என்ற சொல் புரிந்துவிட்டது.

பழைய பிடிஎஃப்களில், டான்டேக்கு முந்தைய ஆடியோ நெட்வொர்க்கான கோப்ராநெட்டின் பண்டில், கண்டக்டர், 5.33 மில்லிசெகண்ட் எல்லாம் வரும். நல்ல தொழில்நுட்பம்தான், பழைய கட்டடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். டான்டே தேர்வுக்குத் தேவையில்லை, தாண்டிப் போங்கள்.

பயிற்சிக்கு ஆம்ப் வாங்க வேண்டிய அவசியமில்லை. டான்டே கன்ட்ரோலர் இலவசம். கணினியையே டான்டே சாதனமாக்கும் டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டுக்குச் சோதனைக் காலம் உண்டு. இரண்டு லேப்டாப்பில் போட்டு, நடுவே ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வைத்தால் போதும். வைஃபையில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், கேபிள்தான். இணைத்து, பிரித்து, பெயரை மாற்றி, சாம்பிள் ரேட்டை மாற்றி, கன்ட்ரோலரில் பச்சை டிக் எப்போது மறைகிறது என்று பாருங்கள். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலையின் பெரும்பகுதிக்கும் இதுவே போதுமான பயிற்சி.

மூன்றாம் நிலை முழுக்க நெட்வொர்க். சவுண்ட் வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கேதான் நேரம் பிடிக்கும். சப்நெட் (ஐபி முகவரிகளின் பிரிவு), விலேன் (ஒரே ஸ்விட்சைப் பல நெட்வொர்க்காகப் பிரிப்பது), க்வாலிட்டி ஆஃப் சர்வீஸ் (எந்தப் பாக்கெட் முந்த வேண்டும் என்ற வரிசை) எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும். டான்டே தன் பாக்கெட்டுகளுக்கு இடும் டிஎஸ்சிபி (முன்னுரிமை) எண்களை மட்டும் மனப்பாடமே செய்துவிடலாம்: கிளாக்குக்கு 56, ஆடியோவுக்கு 46. கிளாக் ஏன் ஆடியோவை முந்த வேண்டும் என்பது மேலே சொன்ன லேட்டன்சி புரிந்தவருக்குத் தானாக விளங்கும். கூடவே, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க போர்ட்டைத் தூங்க வைக்கும் வசதி சில ஸ்விட்சுகளில் இருக்கும். அதை அணைக்கச் சொல்லித்தான் பாடமும் சொல்கிறது. ஸ்விட்சின் மெனுவில் அது எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களிடம் இருக்கும் ஸ்விட்சில் ஒருமுறை தேடிக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.