ஒரே காவடியை நாலு தடவை எண்ணினால்

2024 ஜனவரி 15, ரோஸ்ஹில், மொரீஷியஸ்
பெலால் புயல். இன்றே பொங்கலும். கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியிலேயே பால் பொங்கியது. போர்ட் லூயிஸில் கார்கள் வெள்ளத்தில் மிதக்கும் வீடியோவை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள்.

ஜனவரி 17
மாணவியின் கோப்பைத் திறந்தேன். வாசிப்புப் பயிற்சி பற்றிய ஆய்வுகளின் மெட்டா அனாலிசிஸ், அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே சராசரி காண்பது. ஒரு கட்டுரையில் அதே பிள்ளைகளுக்கு நாலு தேர்வு: எழுத்து, சொல், வேகம், புரிதல். நாலு விளைவளவையும் (பயிற்சி எவ்வளவு பலன் தந்தது என்ற எண்) நாலு தனி ஆய்வாகப் போட்டிருக்கிறாள்! நாலும் ஒன்றையொன்று சாராதவை என்றால் சராசரியின் பரவற்படி (எண் எவ்வளவு சிதறும் என்ற அளவு) கால் பங்காகும். ஆனால் தேர்வுகளுக்குள் ஒட்டுறவு (ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.8 என்றால் அது 0.85 பங்காக மட்டுமே குறையும். திட்டப் பிழையை, அதாவது பரவற்படியின் வர்க்கமூலத்தை, இருக்கவேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மட்டுமே காட்டியிருக்கிறாள்.

"சார், அந்த 0.8 எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. பெரும்பாலும் கட்டுரையில் இருக்காது, நாமாகப் போடுவதுதான். இப்படி ஒட்டிய விளைவளவுகளுக்காக ஹெட்ஜஸ், டிப்டன், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் 2010இல் கொடுத்த முறையின் அழகே இதில்தான்: ஊகம் பிசகினாலும் திட்டப் பிழை கெடாது. ஆய்வுகள் நிறைய இருந்தால்.

ஜனவரி 18
வகுப்பு. ஜீன் கிளாஸ் என்ற ஆய்வாளர் 'மெட்டா அனாலிசிஸ்' என்று பெயர் வைத்த 1976இல் தொடங்கினேன். பாதிப் பேருக்குத் தூக்கம். ஆட்கள் குறைவான ஆய்வில் விளைவளவு சற்றே மிகையாக வரும், அதற்கான சிறு மாதிரித் திருத்தம் கரும்பலகையில்: பத்துப் பத்துப் பேர் இரு குழு, 0.50 என்ற விளைவளவு 0.48 ஆகும். "இவ்வளவுதானா?" என்றான் ஒருவன். இவ்வளவுதான்.

ஜனவரி 22
மாணவியின் கணக்கில் ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா என்பதையும் ஒரு காரணியாகச் சேர்த்தோம். கட்டின்மை எண் (கணக்குக்குக் கைவசம் உள்ள சுதந்திரமான தகவலின் அளவு) நாலுக்குக் கீழே விழுந்தது. அப்படி விழுந்தால் பி-மதிப்பை (முடிவு தற்செயலா என்று பார்க்கும் எண்) நம்பக்கூடாது என்பது டிப்டனின் எச்சரிக்கை. அந்த வரியை எடுக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது, பாவம். அவளுக்குப் பிடித்த முடிவு அதுதான்.

ஜனவரி 25
தைப்பூசக் காவடி. கோர் தெ கார்த் மலைக்கோயில் பக்கம் நடந்தேன். வீட்டுக்கார அக்கா பத்து நாள் விரதம், வழியெல்லாம் காவடி எண்ணிக்கொண்டு வந்தார். "தம்பி, அந்த மயிலிறகுக் காவடி மறுபடியும் வருது பாருங்க!" அதே பையன்தான். நாங்கள் குறுக்குத் தெருவில் புகுந்து அவனை முந்தியிருந்தோம். அக்கா ஒன்றைக் கழித்துவிட்டார். மாணவிக்கு உதாரணம் கிடைத்துவிட்டது.

மதியம் வாழையிலையில் ஏழு கறி. கோப்பை நாளைக்குத்தான் திறக்கிறேன்.