மூன்று மணி நேரம் என்று ஏன் சொன்னேன்

"ஒரு எண் சொல்லுங்க, டிசைன்ல போட்டுடறேன்" என்றார் பொறியாளர். "மூணு மணி நேரம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உடனே பேச்சு மதகின் அகலத்துக்குப் போய்விட்டது. எல்லாம் சேர்த்து அரை நிமிஷம் இருக்குமா? இரண்டு வருஷமாக என் மனசு அங்கேயே நிற்கிறது.

கேள்வி இதுதான்: புதிதாகக் கட்டப்போகும் தடுப்பணையிலிருந்து குடிதண்ணீர் உறிஞ்சும் பம்ப்பை ராத்திரியில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தால் இறால் லார்வாக்கள் தப்பிக்கும்?

வெப்பமண்டல ஆறுகளில் வாழும் இறால்களில் பல, ஆற்றில் முட்டை பொரித்தாலும் ஆற்றிலேயே வளர முடியாதவை. பொரிந்த லார்வா நீரோட்டத்தோடு மிதந்து, சில நாட்களுக்குள் உப்புக் கலந்த தண்ணீரைத் தொட்டாக வேண்டும். இல்லையென்றால் செத்துவிடும். பெரிய நன்னீர் இறாலை வளர்க்க முயன்றவர்களைப் பல காலம் திணறடித்தது இந்த விஷயம்தான். 1961-ல் மலேசியாவில் மீன்வள நிபுணர் ஷாவ்-வென் லிங் உவர்நீரின் அவசியத்தைக் கண்ட பிறகே அதன் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்தெடுக்க முடிந்தது. கழிமுகத்தில் வளர்ந்த குஞ்சு மறுபடி ஆற்றில் ஏறி வரும். ஈரப் பாறையில், தடுப்பணையின் கசியும் ஓரத்தில், ஒட்டிக்கொண்டு ஏறும். ஏறி வருவதைக் கண்ணால் பார்க்கலாம், அதற்குப் படிவழி கட்டித் தரவும் ஆட்கள் சம்மதிப்பார்கள். இருட்டில் இறங்கிப் போவது யார் கண்ணிலும் படாது.

என் கையில் இருந்தது வேறொரு ஆற்றின் கணக்கு. கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் எஸ்பிரிட்டு சாண்டோ ஆற்றில் செய்த ஆய்வு, 1999-ல் வெளிவந்தது. மிதந்து போகும் முதல் நிலை (புதிதாகப் பொரிந்த) லார்வாக்களில் 42 சதவீதத்தை நீரெடுப்புக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தது. அணைக்கு மேல் தண்ணீர் வழியாத நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மாலையில் உச்சமாக மிதக்கும் நேரம் பார்த்து 3 முதல் 5 மணி நேரம் நிறுத்தினால் சாவு நன்றாகக் குறையும் என்பது அவர்களின் பரிந்துரை. 5 மணி நேரம் நிறுத்தினால் இழப்பு 11 முதல் 20 சதவீதத்துக்குள் வரும் என்று மாதிரிக் கணக்கும் போட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டுரை எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் மூன்று என்றேன்.

கூட்டம் முடிந்து ஜீப்பில் வரும்போது என்னோடு வலை போடுகிற பெண் கேட்டாள்: "அண்ணா, அஞ்சுன்னு சொல்லியிருக்கலாமே?" அஞ்சு கேட்டால் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள், மூணாவது கிடைக்கட்டும் என்று பதில் சொன்னேன். அது பொய் இல்லை. ராத்திரியில் பம்ப்பை நிறுத்துவது என்ற பேச்சே அதற்கு முன் அந்த அறையில் எழுந்ததில்லை. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் டிசைனில் பூஜ்யம்தான் இருந்திருக்கும். பேரம் பேசத் தெரியாதவர்களால் எந்த ஆற்றுக்கும் நன்மை வந்ததில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அவர் பேரம் பேசவே இல்லையே. ஒரு எண் கேட்டார், அவ்வளவுதான். இல்லாத எதிர்ப்புக்கு நானே முன்கூட்டி இறங்கி வந்துவிட்டேன். ஐந்து என்றிருந்தாலும் இதே மாதிரி எழுதிக்கொண்டு மதகுக்குப் போயிருப்பாரோ என்னவோ.

இதைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொன்று. கூட்டத்துக்கு முந்தின வாரம் மேல் ஓடையில் எடுத்த மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கரிடினா என்கிற சின்ன நன்னீர் இறால்கள், விரல் நக நீளம்கூட இல்லாதவை. ஒன்றைத் திருப்பிப் போட்டால் வயிற்றுக்கடியில் மணல் மாதிரி பொடி முட்டைகள், எண்ணி மாளாது. அடுத்ததைத் திருப்பினேன். இருபது முட்டைக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றும் கடுகளவு. முட்டைக்குள் சுருண்டு படுத்திருந்த குஞ்சின் இரண்டு கரும்புள்ளிக் கண்களும் தெரிந்தன.

பொடி முட்டைக்காரி கடலுக்குக் குழந்தைகளை அனுப்புகிறவள். கடுகு முட்டைக்காரி எங்கேயும் அனுப்புவதில்லை. அவளுடைய குஞ்சு பொரியும்போதே ஏறக்குறைய முழு இறால். பிறந்த ஓடையிலேயே வாழ்ந்து அங்கேயே சாகும். பம்ப்பை எத்தனை மணி நேரம் நிறுத்தினாலும் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அணைக்குப் பின்னால் ஓடை தேங்கிக் குளமாவதுதான் அவளுக்கு ஆபத்து. தலைக்கு முன்னால் நீட்டியிருக்கும் கொம்பில் உள்ள பற்களை எண்ணி எண்ணிப் பார்த்தும் எந்த விவரணையோடும் சரியாகப் பொருந்தவில்லை. புட்டியில் 'கரிடினா, இனம் தெரியவில்லை' என்று பென்சிலால் எழுதி வைத்தேன்.

அறையில் அவளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒரு எண்ணுக்காக எல்லோரும் காத்திருக்கும்போது, "இரண்டு வகை இறால் இருக்கு, ஒன்றுக்கு இந்த எண் பொருந்தாது, அதற்குப் பெயரும் இல்லை" என்றால் முதல் வகைக்குக் கிடைக்கிறதும் போய்விடும் என்று பட்டது. பெயர் இல்லாத ஒன்றுக்காக வாதாடுவது கஷ்டம். 2015-ல் உலகின் நன்னீர் இறால்கள் 763 இனங்களையும் மதிப்பிட்டார்கள். இரண்டு இனம் அழிந்தேவிட்டது, இன்னும் பத்து அழிந்திருக்கலாம் என்று வந்தது. அந்த 763-ம் பெயர் உள்ளவை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மத்தானோ ஏரியில் வெள்ளைப் புள்ளிகளோடு சிவப்பாக இருக்கும் கரிடினா டென்னர்லிக்கு 2009-ல்தான் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே அது அலங்காரத் தொட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயர் வந்ததால்தான் ஆபத்துப் பட்டியலிலாவது அதைச் சேர்க்க முடிந்தது.

சரி, நான் சொல்லியிருந்தாலும் அணை வந்திருக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டும், அதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் சொல்லவில்லை என்பது சொல்லவில்லைதான்.

அணை ஓடத் தொடங்கிய பிறகு, போன மழைக்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஏழு மணிக்குப் பம்ப் நின்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வலையைத் தட்டில் கவிழ்த்து டார்ச் அடித்தால் லார்வாக்கள் தலைகீழாக, வால் முன்னே போக, வெளிச்சத்தை நோக்கி வந்தன. உடம்பு கண்ணாடி மாதிரி, கண்கள் மட்டும் கருப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. பத்தேகாலுக்கு இன்னொரு தடவை வலை எடுத்தோம். அதிலும் இருந்தன, எட்டு மணி வலையில் இருந்த அளவுக்கே.

"எழுதட்டுமா அண்ணா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

இரண்டு நேரத்து எண்ணிக்கையையும் வைத்து, ஐந்து மணி நேரம் வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறோம். அதில் கடுகு முட்டைக்காரிக்குக் கடைசியில் இரண்டு வரி ஒதுக்கினேன். மேல் ஓடையில் நாங்கள் அவளைப் பிடித்த இடம் இப்போது இடுப்பளவு தேங்கிய தண்ணீர். அங்கே மட்டும் நான் இன்னும் வலை போடவில்லை.