எதிர்க்கட்சிக்கும் ஒரு ஜெபம்

இன்று ஆராதனையில் பொது ஜெபம் ஏறெடுத்த பெரியவரின் கையிலிருந்த தாளில், "ஆளுகிறவர்களுக்காக" என்ற அச்சு வரிக்குக் கீழே "எதிர்க்கட்சியினருக்காகவும்" என்று பென்சிலால் எழுதியிருந்தது, அருகில் நின்ற என் கண்ணில் பட்டது.

அவர் அதையும் சேர்த்தே வாசித்தார். பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்தல் நெருங்கினால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பக்கத்தில் மதில்கள் மட்டுமா நிறம் மாறுகின்றன?

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய, வேதாகமத்தில் உள்ள கடிதம், வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறையாக்கிய அந்த நகரத்தின் சமாதானத்தையே தேடுங்கள் என்கிறது. ஆட்சி மாறட்டும், அதுவரை ஒதுங்கியிருங்கள் என்று அது சொல்லவில்லை.

1982-இல் மண்டைக்காட்டில் மதத்தின் பெயரால் மூண்ட கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்களையும் கண்ட மாவட்டத்தில், அயலானின் சமாதானத்தை விட்டுவிட்டு நம் சமாதானத்தை மட்டும் கேட்க முடியாது.

பிரசங்க மேடையில் கட்சிப் பெயர் ஒலிப்பதை நான் விரும்புவதில்லை. ஆனால் 2017-இல் ஒக்கிப் புயலில் காணாமற்போன மீனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்த கடற்கரை மக்களோடு அருட்பணியாளர்களும் அமர்ந்தார்களே, அதை அரசியல் என்று யாராவது ஒதுக்கினால், அந்த அரசியல் திருச்சபைக்கு வேண்டும் என்றே சொல்வேன்.