நவம்பர் மாதத்தில் ஒரு கோடு

சார் தவறிவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது இங்கே, இங்கிலாந்தில், விடியற்காலை ஐந்து மணி. அப்படியானால் ஊரில் பத்தரை. எட்டரை தாண்டிவிட்டது என்றுதான் என் மனம் முதலில் கணக்குப் போட்டது. சாரிடம் படித்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அரசாங்கத்துக்கே யோசனை சொன்ன விஞ்ஞானி நம் பள்ளியில் படித்தவர் என்று இளையவர்களுக்குத் தெரியட்டும், உங்கள் பணியைப் பற்றி எழுதுங்கள் என்று பள்ளி மலர்க் குழுவினர் இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் சார்தான் வந்து நிற்கிறார். ஆகவே அவரைப் பற்றியே எழுதுகிறேன். என் பணியும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

தகரக் கொட்டகைக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் இருந்த மழைமானியை மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து அங்குலப் புனல், உள்ளே போத்தல், பக்கத்தில் துணியில் சுற்றி வைத்த அளவுக் குவளை. வாரம் ஒரு பையன் முறை. காலை எட்டரைக்குப் போத்தலை எடுத்து, குவளையில் ஊற்றி, குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் நீர் சற்று ஏறி நிற்கும், நடுவில் குழிந்திருக்கும். குழிந்த இடத்தைத்தான் படிக்க வேண்டும். மேல் விளிம்பைப் படித்தவன் தலையில் குட்டு விழும். அந்தக் குவளையின் கோடுகள் சரியா என்று பார்க்க, சார் அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கே போய்வந்தவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த ஆய்வகம். அங்கே தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தராசில் நீரை நிறுத்துச் சரிபார்த்தாராம். ஒரு பள்ளிக்கூடத்துக் குவளைக்கு இவ்வளவா என்று அப்போது சிரித்தோம்.

1973 நவம்பர். நான் எஸ்எஸ்எல்சி. என் முறை. முந்தின இரவு காரைக்குடியில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நனைந்துகொண்டே வந்து படுத்தவன், எழுந்தபோது ஒன்பது. மழை விட்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் போத்தல் நேராக நிற்கிறது, உள்ளே சொட்டு நீர் இல்லை. ஆடு முட்டியதா, பையன்கள் தட்டிவிட்டார்களா, தெரியவில்லை. இரவெல்லாம் பெய்த மழை. எங்கள் வீட்டு வளவில் தாழ்வாரத்து நீர் பிடிக்க வைத்த கிடாரம் பாதிக்கு மேல் நிறைந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். நோட்டில் 34 என்று எழுதினேன். 30 என்றோ 35 என்றோ எழுதினால் சந்தேகம் வரும் என்று யோசித்து எழுதிய 34.

மூன்றாம் பீரியட் சார் வந்தார். கரும்பலகையில் பெரிதாக 34 என்று எழுதினார். என்னை எழுப்பினார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"மழைமானியிலேருந்து சார்."

"எத்தனை மணிக்கு எடுத்தே?"

"எட்டரைக்கு சார்."

"எட்டேகாலுக்கு நான் போனேன். போத்தல் கவுந்து கெடந்துச்சு. நான்தான் நிமித்தி வச்சேன். நீ என்ன எழுதுறேன்னு பாக்கணும்னு இருந்தேன்."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். நோட்டை என் கையில் கொடுத்து, 34 ஐ அடிக்கச் சொன்னார். பக்கத்தில் என்ன எழுத என்று கேட்டேன். சுழியா என்றேன்.

"சுழி போட்டா மழை பெய்யலைன்னு அர்த்தம். பெஞ்சுச்சு. எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததுக்குக் கோடு போடணும்."

அறுபது பேர் பார்க்கக் கோடு போட்டேன். மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் அக்டோபருக்கு மொத்தம் இருந்தது. நவம்பருக்கு நேரே 'மொத்தம் கணக்கிட இயலவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். தாள் வெயிலில் மங்கும் வரை அந்தச் சிவப்பு அங்கேயே இருந்தது. சாப்பாட்டு மணியில் யாராவது அதன் முன் நின்றால் நான் கிணற்றடிப் பக்கமாகச் சுற்றிப் போவேன்.

தை பிறந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் பள்ளிக்கு வந்தார். ஊருணித் தண்ணீர் சித்திரை வரை தாங்குமா, இல்லை இப்போதே வண்டித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டுமா என்று கேட்க. வருடா வருடம் வருவாராம். மழைக் கணக்கையும் ஊருணிப் படிக்கட்டில் நீர் நிற்கும் படியையும் சேர்த்துப் பார்த்து சார் ஒரு பதில் சொல்வார். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். சார் சொன்னார்: "ஐயா, இந்த வருசம் என்னால உறுதியாச் சொல்ல முடியாது. நவம்பர்ல ஒரு நாள் கணக்கு இல்லே. பங்குனி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேலே தெரியாது. ஏற்பாடு பண்ணிக்கிறது நல்லது." என் பக்கம் திரும்பவில்லை. என் பெயரைச் சொல்லவும் இல்லை. டீ கிளாஸ் என் கையில் நடுங்கியது.

அரசுக்கு ஆலோசனை சொல்லும் விஞ்ஞானியை நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

பிறகு கிண்டி, பிறகு இங்கிலாந்து, நீரியல் படிப்பு, ஆறுகள், வெள்ளம். அதையெல்லாம் விரிவாக எழுத ஒன்றுமில்லை. பிரிட்டன் 1964 லேயே சாலி சக்கர்மனை அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக வைத்துக்கொண்ட நாடு. நம் நாட்டில் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்ற பதவி 1999 இல் வந்தது. முதலில் அதில் அமர்ந்த கலாம் ராமேஸ்வரத்துக்காரர். நாம் படித்த நாளில் எல்லோரும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தானே. இங்கே இந்தத் தொழிலுக்குள் வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ஆலோசனை உன்னுடையது, முடிவு அமைச்சருடையது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் அதன் இரு பக்கத்தையும் பார்த்தவர். 1966 இல் அவரைப் போன்ற விஞ்ஞானிகளின் பேச்சை நம்பி உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்தார். அதே சுவாமிநாதன் 2006 இல் தேசிய விவசாயிகள் ஆணையத் தலைவராக, விளைபொருளுக்குச் செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை கொடுங்கள் என்றார். 2023 இல் அவர் கண் மூடியபோதும் விவசாயிகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இங்கே நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு மாடுகளின் மூளையைத் தாக்கும் பைத்திய மாட்டு நோய் விவகாரம் வெடித்தது. 1989 இல் நிபுணர் குழு இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தது. மனிதருக்கு ஆபத்து வர வாய்ப்பு மிகக் குறைவு என்பது ஒன்று. எங்கள் கணிப்பு தவறாக இருந்தால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்பது இன்னொன்று. மக்களைப் போய்ச் சேர்ந்தது முதல் வாக்கியம் மட்டும். 1996 மார்ச்சில் மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அதன் பிறகு ஆலோசகர் பேச்சை மக்கள் நம்பப் பல வருடம் ஆயிற்று. அந்த விவகாரம் பற்றி நடந்த விசாரணையின் அறிக்கையைப் படித்த இரவு, அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் சார் கோடு என்று சொன்னார் என்று எனக்குப் பட்டது.

2007 ஜூலையில் செவர்ன் ஆறு பெருகியது. மைத் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து மூன்றரை லட்சம் பேருக்குக் குழாயில் நீர் இல்லை. சில இடங்களில் 17 நாள் வரை. வால்ஹம் துணை மின்நிலையத்தைச் சுற்றி ராணுவமும் தீயணைப்புப் படையும் இரவோடு இரவாகத் தடுப்பு கட்டின. அந்த நாட்களில் கணிப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நள்ளிரவில் தொலைபேசியில் ஓர் உயரதிகாரி ஒரு கிளையாற்றைக் குறிப்பிட்டு, நீர் எவ்வளவு ஏறும், ஒரே ஓர் எண் சொல்லுங்கள், அமைச்சருக்கு எண் வேண்டும் என்றார். அந்தக் கிளையாற்றின் மானியிலிருந்து மாலை முதல் அளவு வரவில்லை. நாக்கு நுனியில் ஓர் எண் வந்துவிட்டது. எப்படிப்பட்ட எண் என்றால், பூச்சியத்திலும் ஐந்திலும் முடியாத எண். "அங்கிருந்து அளவு இல்லை. இந்தக் கீழ் எல்லைக்கும் இந்த மேல் எல்லைக்கும் நடுவே எதுவும் ஆகலாம். மேல் எல்லைக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்றேன். எதிர்முனையில் வெகு நேரம் பேச்சில்லை. பிறகு சரி என்றார்.

இதை சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் போய்ப் பார்த்தேன். முகப்புத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார். "அங்கே வருசத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்?" என்பார். சொல்வேன். "நம்ம ஊர் நோட்டை இப்ப யாரும் எழுதுறதில்லே தம்பி" என்று ஒரு முறை சொன்னார். அடுத்த முறை போனபோது மழைமானி இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதை இங்கிருந்து டிவியில் பார்த்தேன். அந்த நீர் எங்கே போகும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கும் தூரத்தில் நான் இல்லை. செவர்ன் கரையின் ஒவ்வொரு மேடும் எனக்குத் தெரியும். நம் ஊருணியின் வரத்துக்கால் இப்போது எந்த வழியாக வருகிறது என்று தெரியாது.

காரியம் முடிந்து சாரின் மகள் அந்த நோட்டின் படங்களை அனுப்பியிருந்தார். 1973 நவம்பர்ப் பக்கத்தில் 34 மேல் அடித்த கோடு, பக்கத்தில் நான் போட்ட கோடு. பேனா முனை அழுந்தித் தாள் கிழிந்த இடம்கூடத் தெரிகிறது. என் முறை ஒரு வாரம்தான். ஆனால் மறுநாளிலிருந்து பக்கம் பக்கமாக என் கையெழுத்தே இருக்கிறது. மற்றப் பையன்களின் முறையையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 7.2, 0, 0, 12.6, 0. மார்கழி, தை, மாசி என்று போகிறது. 1974 மார்ச் 31 வரை. ஏப்ரல் 1 முதல் சாரின் கையெழுத்து.