சீசனுக்குள்ள பணம் வந்துடுமா?

"சீசனுக்குள்ள பணம் வந்துடுமா சார்?"

"வராதுங்கண்ணா."

இவ்வளவுதான் பேச்சு. கேட்ட மாங்கூழ்க் கம்பெனி முதலாளி ஃபைலை மூடினார், டீ வந்தது, இந்த வருஷம் பூ எப்படி என்று பேச்சு மாறிவிட்டது. தை மாதம், தோப்பெல்லாம் பூத்திருந்த நேரம். நான் சொன்ன பதிலில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் சொல்ல வேண்டிய வேறு ஒன்றைச் சொல்லாமல் நழுவத்தான் அந்தச் சரியான பதிலைப் பிடித்துக்கொண்டேனோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஃபைலில் இருந்தது ஒரு ஆலோசனை நிறுவனத்தின் திட்டம். வளரும் வெளிநாட்டுக் கம்பெனிகளை நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டு மூலதனம் திரட்டித் தருவார்களாம். "வெளிநாட்டுக் கம்பெனின்னா நாமளா?" என்று அவர் சிரித்தார். நாம்தான். போச்சம்பள்ளி பக்கம் மாங்கூழ் எடுத்து டிரம்மில் அடைக்கிற கம்பெனி, அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி.யின் ஏட்டில் பங்கு வெளியிடும் அயல்நாட்டுக் கம்பெனி. அதற்கென்று சலுகைகளும் உண்டு. காலாண்டு அறிக்கை கட்டாயமில்லை, ஆண்டறிக்கையை 20-எஃப் படிவத்தில் நிதியாண்டு முடிந்து 4 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். கையேட்டில் இந்தச் சலுகைகள் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தன.

முதலில் காலக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் பதிலுக்கு அதுதான் ஆதாரம்.

எஃப்-1 என்ற பதிவு ஆவணத்தை எஸ்.இ.சி.யிடம் தர வேண்டும். சிறு கம்பெனி என்பதால் 2 ஆண்டுக் கணக்கு போதும். ஆனால் அந்தக் கணக்கு சர்வதேச நிதி அறிக்கைத் தரத்திலோ அமெரிக்கத் தரத்திலோ இருக்க வேண்டும். நம் ஊர் சிறு கம்பெனிகள் எழுதுகிற பழைய கணக்குத் தரம் அப்படியே செல்லாது. தணிக்கையும் பி.சி.ஏ.ஓ.பி. என்ற அமெரிக்க வாரியத்தில் பதிவு செய்த ஆடிட்டர் செய்ததாக இருக்க வேண்டும். அப்படிப் பதிவான இந்திய நிறுவனங்கள் உண்டு. இந்த மறுதணிக்கைக்கே 3, 4 மாதம் ஓடிவிடும். ஆவணத்தை முதலில் ரகசியமாகக் கொடுக்கலாம். முதல் கேள்விக் கடிதம் வரச் சுமார் 4 வாரம். பதில் எழுதினால் இரண்டாவது கடிதம், பிறகு மூன்றாவது. முதலீட்டாளர்களைச் சந்திக்கக் கிளம்புவதற்கு 15 நாள் முன்னாலாவது ஆவணம் பொதுவெளிக்கு வந்திருக்க வேண்டும். எதுவும் தடுக்காமல் போனாலே 9 முதல் 12 மாதம். தையில் கேட்டால் மே கடைசியில் வரத்து ஆரம்பிக்கும் தோத்தாபுரி மாம்பழத்துக்கு எங்கே போவது?

இதில் நம் தொழிலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கணக்கு முடிந்து 9 மாதம் தாண்டிவிட்டால் அரையாண்டுக் கணக்கையும் சேர்க்கச் சொல்வார்கள். மாங்கூழ்க் கம்பெனியை மார்ச் 31 அன்று பார்த்தால் அழகாக இருக்கும். சரக்கு பெரும்பாலும் தீர்ந்திருக்கும், பேங்க் கடன் இறங்கியிருக்கும். அதே கம்பெனியைச் செப்டம்பர் 30 அன்று பாருங்கள். கிடங்கு நிறைய டிரம், பேக்கிங் கிரெடிட் என்ற ஏற்றுமதிக் கடன் கழுத்து வரை, விற்பனை பாதிகூட இருக்காது. தொழில் தெரிந்தவனுக்கு அது சாதாரணம். பாஸ்டனில் உட்கார்ந்து படிக்கிறவன் கண்ணுக்கு அது முழுகப்போகிற கம்பெனி. ஆகவே டிசம்பர் 31க்குள் முடிகிற மாதிரி திட்டமிட வேண்டும். அப்படியானால் சீசன் நடக்கும்போதே தணிக்கையும் நடக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ஃபேக்டரி ஆபீசில் ஒரு ஆளைக் கணக்குக்கென்று உட்கார வைக்க முடியுமா என்று நம்ம பக்கத்து முதலாளி யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஆக, "வராது" என்பது சரியான பதில்தான்.

ஆனால் அவர் கேட்ட கேள்வியே தவறான இடத்தில் நின்றது. நான் அதைத் திருத்தவில்லை. பழம் வாங்குகிற பணம் பங்குச்சந்தையிலிருந்து வர வேண்டிய பணமே இல்லை. 2 மாதம் வாங்கி 10 மாதம் விற்கிற சரக்குக்குப் பேங்க் கடன்தான் பொருத்தம். சரக்கு விற்றதும் கடன் தீரும். பங்குப் பணம் திரும்பப் போகாத பணம். அது கூழைக் கெட்டியாக்கும் ஆவியாக்கி வாங்கவோ, கிருமி சேராமல் அடைக்கிற அசெப்டிக் ஃபில்லர் வாங்கவோ, இரண்டாவது லைன் போடவோ உரியது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் பேச்சு தேதியை விட்டு இறங்கி, இவருக்கு எந்தப் பணம் வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருக்கும். வந்திருந்தால் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். நான் தவிர்த்தது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

புத்தகத்தில் திருட்டு எதுவும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கூழுக்கு இருக்கிற ஜாதகம் பழத்துக்கு இல்லை, அவ்வளவுதான். ஏற்றுமதி வாங்குபவர் கேட்கிறார் என்பதற்காக ஒவ்வொரு டிரம்முக்கும் பேட்ச் எண், பிரிக்ஸ் என்ற சர்க்கரை அளவு, அமிலம், அடைத்த நேரம் எல்லாம் பதிவாகிறது. 215 கிலோ டிரம் ஒன்று ராட்டர்டாமில் உப்பியிருந்தால், எந்த நாள் எந்த ஷிஃப்டில் அடைத்தது என்று 10 நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அந்த டிரம்முக்குள் போன பழம் யாருடைய தோப்பு? எடைச் சீட்டில் "ராஜா வண்டி" என்று இருக்கும். நேரடி விவசாயியிடம் விளைபொருள் வாங்கி 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அதைச் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு. இடைத்தரகருக்குக் கொடுத்தால் கிடையாது. தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுத்து, மருந்தடித்து, பறித்துக் கொண்டுவந்து இறக்குகிறவர் விவசாயியா, வியாபாரியா? கிருஷ்ணகிரியில் நிறையப் பழம் இந்தக் கேள்விக்கு நடுவில்தான் நிற்கிறது. உள்ளூர் தணிக்கையில் பழக்கத்தால் கடந்துபோகிற விஷயம். எஃப்-1 ஆவணத்தில் வரி ரிஸ்க் என்று 2 பக்கம் எழுத வேண்டி வரும்.

அடுத்தது சரக்கு. ஆண்டு முடிவில் இருப்பை ஆடிட்டர் நேரில் நின்று பார்க்க வேண்டும். புதிய ஆடிட்டர் இந்த மார்ச்சில் வந்து எண்ணிவிடுவார். 2 வருஷத்துக்கு முந்தைய ஆரம்ப இருப்பை யார் பார்த்தது? ஆரம்ப இருப்பு உறுதியில்லை என்றால் அந்த வருஷ லாபமும் உறுதியில்லை. அதை மட்டும் உறுதி செய்ய முடியவில்லை என்று ஆடிட்டர் அறிக்கையில் எழுதினால் எஸ்.இ.சி. ஏற்காது. மாற்று வழி உண்டு. பேட்ச் பதிவேட்டையும் கப்பல் ரசீதையும் வைத்துப் பின்னோக்கி நடந்து, அன்றைக்கு எத்தனை டிரம் இருந்திருக்க வேண்டும் என்று கட்டலாம். இவர் பதிவேடு அதற்குத் தாங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முயன்று பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை.

சரி, தாங்கியிருந்தால்? இங்கே என் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது. சுற்று எண்ணில் சொல்கிறேன். வருஷ லாபம் 3 கோடி. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 3.5 லட்சம் டாலர். நாங்கள் பேசிய சமயத்தில் நாஸ்டாக் கேபிடல் மார்க்கெட் பிரிவில் லாப அளவுகோல் 7.5 லட்சம் டாலர், அந்தக் கதவு மூடல். மூலதன அளவுகோலில் போனால், பொதுமக்கள் கையில் தடையின்றி விற்கக்கூடிய பங்குகளின் மதிப்பு மட்டும் 1.5 கோடி டாலர் வேண்டும். கம்பெனியில் கால் பங்கைக் கொடுப்பதாக வைத்தால் முழுக் கம்பெனியின் மதிப்பு 6 கோடி டாலர், அதாவது 510 கோடி ரூபாய். லாபத்தைப் போல் 170 மடங்கு. மாங்கூழுக்கு யார் தருவார்கள்? தருகிறவர்கள் இருப்பதாக ஆலோசனை நிறுவனம் சொன்னது. அப்படி விற்ற பங்கு பிறகு எங்கே போய் நிற்கும் என்பதற்கும் விதி இருக்கிறது. தொடர்ந்து 30 வர்த்தக நாள் 1 டாலருக்குக் கீழே முடிந்தால் நோட்டீஸ், சரிசெய்யப் பொதுவாக 180 நாள் அவகாசம். அதற்குப் பல பங்குகளை ஒன்றாக்கி விலையை உயர்த்துகிற வித்தையும் கையேட்டின் பின் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது.

170 மடங்கு என்ற இந்த ஒரு எண்ணைச் சொல்லியிருந்தாலே போதும். சிரித்துக்கொண்டு அவரே ஃபைலை மூடியிருப்பார். சீசன் தேதியைச் சொல்லி மூட வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. தேதி என்றால் அடுத்த வருஷம் சீக்கிரம் ஆரம்பிக்கலாமே என்று தோன்றும். எண் என்றால் அப்படித் தோன்றாது.

அவர் பையன் ஃப்ரெஷ்வொர்க்ஸ் பேரைச் சொன்னான். சென்னையில் ஆரம்பித்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் போய் நின்ற கம்பெனி, உண்மைதான். ஆனால் பட்டியலிட்டது டெலாவேரில் பதிவான கம்பெனி. இன்ஃபோசிஸ் 1999-ல் போனது இந்தியக் கம்பெனியாகவே, வைப்பு ரசீது வழியாக, அதாவது சொந்த ஊர்ப் பங்குக்கு ஈடாக வெளிநாட்டுச் சந்தையில் விற்கிற சீட்டு வழியாக. நம்ம கையேடு சொன்னது மூன்றாவது வழி. கேமன் தீவில் ஒரு தாய்க் கம்பெனி, குடும்பத்தின் பங்குகளை அதற்குக் கொடுத்துவிட்டு அதன் பங்குகளை வாங்கிக்கொள்வது. இந்த மாற்றமே சட்டப்படி விற்பனை. கையில் ஒரு ரூபாய் வராமல் மூலதன ஆதாய வரி வரும். போதாததற்கு 14 ஏக்கர் மாந்தோப்பு கம்பெனி பேரில் இருந்தது. திறந்தவெளி மாந்தோப்பு விவசாயத்தில் அந்நிய நேரடி முதலீடு கூடாது, அதை முதலில் பிரிக்க வேண்டும். தாத்தா வாங்கிய தோப்பு. அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை என்பதும் ஒரு காரணம்தான்.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம் உண்டு, அவரிடம் சொல்ல மறந்தேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் சந்தையில் பட்டியலிட இந்திய வைப்பு ரசீது என்று ஏற்பாடு செய்தோம். 2010-ல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை, 2020-ல் அதுவும் விலகிக்கொண்டது. பங்கு எங்கே நன்றாக விலைபோகிறதோ அந்தச் சொந்த ஊருக்கே வியாபாரம் திரும்பிவிடுகிறது. அவ்வளவு பெரிய பேங்குக்கே அந்த நிலை.

வேறு வழி சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன், ஒரு வாக்கியத்தில். நம் நாட்டுப் பங்குச்சந்தைகளில் சிறு கம்பெனிகளுக்கென்று உள்ள பிரிவுகளான என்.எஸ்.இ. எமர்ஜ், பி.எஸ்.இ. எஸ்.எம்.இ. இரண்டும் இவர் அளவுக்கே தைத்த சட்டை. வெளியீட்டுக்குப் பிந்தைய செலுத்திய மூலதனம் 25 கோடிக்குள், 3 ஆண்டில் 2 ஆண்டாவது 1 கோடி இயக்க லாபம். வெளியீடு முழுவதும் அண்டர்ரைட் ஆக வேண்டும், அதாவது விற்காத பங்கை ஏற்க ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும்; பங்கை வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கிற மார்க்கெட் மேக்கர் 3 வருஷம் இருக்க வேண்டும். வெளியீட்டுக்குப் பிந்தைய மூலதனத்தில் குறைந்தது 20 சதவீத அளவு நிறுவனர் பங்கை 3 வருஷம் விற்க முடியாது. பிரைவேட் லிமிடெட்டைப் பப்ளிக் ஆக்க 7 பங்குதாரர், 3 டைரக்டர். திரட்டிய பணத்தில் வீட்டம்மா கம்பெனிக்குக் கொடுத்த கடனைத் திருப்ப முடியாது. குஜராத்தில் உள்ள சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியின் சந்தையிலும் 2024 ஜனவரி முதல் தாய்க் கம்பெனி இல்லாமலே டாலரில் பட்டியலிடலாம், ஆனால் வாங்குகிறவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும். நம்ம ஊர் ஆள் ஒரு பங்குகூட வாங்க முடியாது.

"உள்ளூர் சந்தைன்னா வாங்குறவன் மதிப்பானா?" என்று அவர் கேட்டார். அப்போதுதான் புரிந்தது, அவருக்குப் பணத்தைவிட வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் கூழ் வாங்குகிறவர்களிடம் ஒரு அந்தஸ்து வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் 90 நாள் கடன் கேட்கிறவன் 60 நாளுக்கு இறங்குவான் என்ற கணக்கு. அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. அதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அடுத்த நொடியே சீசன் கேள்வி வந்தது. நான் நிம்மதியாகத் தேதிக்குத் தாவிவிட்டேன்.

மார்ச் 29 அன்று போன் வந்தது. "31 அன்னிக்கு டிரம் எண்றோம், வந்து நில்லுங்க சார்." யார் கேட்டு எண்ணுகிறார் என்று நான் கேட்கவில்லை. காலை 7 மணிக்கு ஆரம்பித்து வரிசை வரிசையாகச் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினோம். பதிவேட்டில் 1,862. கிடங்கில் 1,840. மிச்சம் 22 எங்கே என்றதற்கு, உப்பிப்போனது, குழியில் கொட்டிவிட்டோம், எழுதவில்லை என்றார் சூப்பர்வைசர். 4,730 கிலோ. முதலாளி என்னைப் பார்த்தார்.

"இதை எழுதிட்டா அடுத்த வருஷத்துக்கு ஆகுமா?"

"எழுதிடுங்கண்ணா" என்றேன். எதற்கு ஆகுமா என்று அவரும் சொல்லவில்லை.