ஏழு மணி விதி

எட்டு ஆண்டுகளாக நான் தவறாமல் கடைப்பிடித்த விதி ஒன்று இருந்தது: மாலை ஏழு மணிக்கு முன் குடிப்பதில்லை. அதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. குடிகாரன் என்றால் விடிந்ததும் புட்டியைத் தேடுகிறவன், வேலையைத் தொலைத்தவன், தெருவோரத்தில் விழுந்து கிடப்பவன் என்று ஒரு சித்திரத்தை மனத்தில் வரைந்துவைத்திருந்தேன். ஒருநாளும் வேலைக்கு மட்டம் போடாத எனக்கும் அந்தச் சித்திரத்துக்கும் தொடர்பில்லை என்பதே என் வாதம். ஆறரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோமே என்ற எண்ணம் மட்டும் எனக்கு எழவே இல்லை.

வேறொரு காரணத்துக்காகச் சென்றபோது மருத்துவர் ஒருவர் நான்கு கேள்விகள் கேட்டார். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா, பிறர் அதைக் குறை சொன்னபோது எரிச்சல் வந்ததுண்டா, குடித்ததற்காகக் குற்றவுணர்வு கொண்டதுண்டா, காலையில் நடுக்கத்தையோ தலைபாரத்தையோ போக்குவதற்காகக் குடித்ததுண்டா. ஜான் யூயிங் என்ற மனநல மருத்துவர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட கேள்விகள் இவை என்று பின்னர் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கு ஆம் என்றாலே மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பார்கள். நான்காவது கேள்விக்கு ‘இல்லை’ என்று அழுத்திச் சொல்லும் ஆர்வத்தில், முதல் மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருந்தார்.

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அந்த நான்கில் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பது என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. குடிநோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையிலும் அளவு முதன்மையானதாக இல்லை. 11 அறிகுறிகளில் இரண்டு, 12 மாத காலத்துக்குள் தென்பட்டால் போதும். நினைத்ததைவிட அதிகமாகக் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, குடிக்கவும் அதிலிருந்து தெளியவும் வெகுநேரத்தைக் கொடுப்பது போன்றவை அவற்றுள் சில. முன்பு இரண்டு பெக்கில் கிடைத்ததற்கு இப்போது நான்கு தேவைப்படுவதும் ஓர் அறிகுறி. அதைத்தான் நான் ‘எனக்குத் தாங்கும் சக்தி அதிகம்’ என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் சொந்த அனுபவத்திலிருந்து இந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கலாம் என்றால், விதிகளைச் சேர்ப்பேன். ஏழு மணிக்குப் பிறகுதான், வார இறுதியில் மட்டும்தான், பீர் மட்டும்தான் என்று குடியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டே இருப்பவன், அது தன் சொல்லைக் கேட்பதில்லை என்பதை உள்ளூர அறிந்தவன்.

நிறுத்துவது குறித்து ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர்கள் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. மதுவின் மந்தப்படுத்தும் விளைவுக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, அது திடீரென விலகும்போது மிகையாகக் கிளர்ச்சியடைகிறது. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பின் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரலாம். ஆகவே மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நானும் அவ்வாறே மாத்திரைகளின் துணையோடு நிறுத்தினேன். குடிவேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உடல் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது, மாலைகள்தாம் அடங்கவில்லை. ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே இவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. வேட்கை அலையைப்போல் எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த அரை மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆறரை மணிக்கே வயிறு நிறையச் சாப்பிடத் தொடங்கினேன். நான் வேட்கை என்று எண்ணியதில் பாதி வெறும் பசியாக இருந்தது. மீதியில் பெரும்பகுதி தனிமை. அதற்காக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போனேன். 1935-இல் ஒரு பங்குத்தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கிய அமைப்பு அது. ஒரு குடிநோயாளி மற்றொருவருடன் பேசிக்கொண்டிருப்பதே இருவரையும் அன்றைக்குக் குடிக்காமல் வைத்திருக்கும் என்பது அவர்கள் கண்ட வழி. அங்கே பேசப்படும் இறைநம்பிக்கை இன்றுவரை எனக்கு ஒட்டவில்லை. ஆனாலும் ஏழு மணிக்கு உட்கார எனக்கு ஒரு நாற்காலி அங்கே கிடைத்தது.

மகிழ்ச்சி உடனே வரவில்லை. முதல் சில மாதங்கள் எல்லாமே சப்பென்று இருந்தன. ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை சறுக்கி, மறுநாளே மருத்துவரிடம் போய் நின்றேன். பிறகு ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு, வீடு மாறுவதைப் பற்றி என் மனைவி என்னிடம் யோசனை கேட்டார். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். காலையில் எனக்கு எதுவும் நினைவிருக்காது என்பதால், எட்டு மணிக்குமேல் முக்கியமான எதையும் அவர் என்னிடம் பேசுவதையே பல ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியிருந்தார். அன்று நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தோம். பேசியது முழுவதும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

குடிப்பதாகக் கனவு இப்போதும் எப்போதாவது வருகிறது. பதறி எழுந்து, உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதி முகர்ந்து பார்ப்பேன். பல் துலக்காத வாயின் நாற்றம் மட்டுமே அடிக்கும்.